மரத்தின் மறுபக்கம்

குரங்கு என் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறியபோது, அத்தான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

"கைரேகை எடுத்து வை. அப்புறம் விசாரிப்போம்."

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மற்றவர்களுக்குத் துப்பறியும் நிபுணர். என்னை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டது அக்காவின் உத்தரவு. இன்னும் துரத்திவிடாமல் இருப்பதும் அக்காவின் உத்தரவுதான். இந்த இரண்டு உத்தரவுகளால்தான் எங்கள் நிறுவனம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் நின்றிருந்தது வனக் காப்பகத்தின் அலுவலக வாசலில். உள்ளே காப்பகத்தின் இயக்குநர் காத்திருந்தார். சலவை மடிப்புக் கலையாத பச்சைச் சட்டை, தூசி படாத பூட்ஸ். அவர் தலைக்குப் பின்னால், 'மனிதக் காலடி படாத காடு' என்று சுவர் முழுக்க ஒரு பலகை. அதற்குக் கீழேயே நுழைவுச்சீட்டு கிடைக்கும் நேரமும் எழுதியிருந்தது.

"விஷயம் ரொம்ப எளிது," என்றார் இயக்குநர். "காவல் கோபுரத்துக்குப் போற பாதையில மரத்துக்கு மரம் மஞ்சள் பெயின்ட்ல குறி போட்டிருக்கும். அதைப் பாத்துத்தான் ஜனங்க நடப்பாங்க. போன வாரம் ஒரு ஆடிட்டர் தன் ஆபீஸ் ஆளுங்களோட வந்தாரு. நடுவுல மஞ்சள் குறி வேற பக்கம் திரும்பியிருக்கு. அதை நம்பிப் போனவங்க பழைய செங்கல் சூளைக்குப் போய்ச் சேந்துட்டாங்க. அங்கேருந்து வழி தெரியாம சுத்தி, ஆடிட்டர் மண்ணு எடுத்த பள்ளத்துல விழுந்து காலை உடைச்சுக்கிட்டாரு."

"குறி போடற வேலை யாருது?"

"வழிகாட்டியம்மாவோடது. அவங்களுக்கு அந்தச் சூளை மேல ஒரு பைத்தியம். வர்றவங்க எல்லாருக்கும் காட்டணும்னு துடிப்பாங்க. நான் கூடாதுன்னு சொன்னதும் திருட்டுத்தனமா குறி போட்டுட்டாங்க. மதியம் விசாரணை. தலைமையகத்துலேருந்து மேலதிகாரி வர்றாங்க. வெளியாள் ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும்னு கேட்டாங்க. நீங்க ரொம்பத் தோண்டித் துருவ மாட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், அதான் கூப்பிட்டேன்."

அத்தான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"பின்ன? விபத்துக்கு மறுநாளே போனேன். குறியைப் பிடிச்சே போனேன், குறியைப் பிடிச்சே திரும்பி வந்தேன். எல்லாம் அந்தம்மா கைவேலை. அவங்களை வேலையை விட்டு அனுப்பணும், சூளையை இடிச்சுத் தள்ளணும். ரெண்டும் இன்னைக்கே முடிஞ்சா எனக்கு நிம்மதி."

நிம்மதிக்கு வேண்டிய ஏற்பாடுகள் தயாராகவே இருந்தன. சூளையை இடிக்க வந்த இயந்திரம் வாசலில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதன் மேல் உட்கார்ந்து அந்தக் குரங்கு என் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

*

வழிகாட்டியம்மா பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மரத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியவர், கை முழுக்க மஞ்சள், முகத்தில் யாரையாவது அறையலாமா என்ற யோசனை. முன்பக்கம் அடித்துவிட்டு, மரத்தைச் சுற்றிப் போய்ப் பின்பக்கமும் அடித்தார்.

"மதியம் வேலை போகப் போகுது, இப்பவும் அடிக்கிறீங்களே அக்கா?" என்றேன்.

"மதியம்தானே போகுது? இப்போ இருக்குல்ல?"

"அதுக்காக மரத்துக்கு ரெண்டு கன்னத்துலயும் பூசணுமா?"

"ஒரு கன்னத்துல பூசினா இன்னொண்ணு கோவிச்சுக்கும் தம்பி."

அத்தான் தொண்டையைக் கனைத்தார். "நேரா கேக்கறேன்மா. சூளைக்குப் போற குறியை நீங்க போட்டீங்களா?"

"இல்லை சார். சூளையைக் காட்டணும்னு எனக்கு ஆசை உண்டு, அதை மறைக்க மாட்டேன். அங்க ஒரு காலத்துல நூறு குடும்பம் இருந்து செங்கல் அறுத்திருக்கு. ஊர்ல இருக்கற பழைய கட்டடம் பாதி அந்தச் சூளைக் கல்லுதான். அதைச் சொன்னா இயக்குநர் ஐயாவுக்குப் பிடிக்காது. வெளிநாட்டுலேருந்து ஒரு குழு வருதாம், மனுஷ வாடையே படாத காடுன்னு அவங்க ஒத்துக்கிட்டா பெரிய அங்கீகாரமாம். காட்டு நடுவுல புகைபோக்கி நின்னா அந்தக் கதை எடுபடாதுல்ல?"

"குறி யாரு போட்டதுன்னு நீங்களே போய்ப் பாக்கலையா?"

"விபத்து நடந்ததுலேருந்து அந்தப் பக்கம் காலே வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. வேலை போனா குவார்ட்டர்ஸும் போயிடும். எங்க வீட்டுக்காரர் ஐயாவோட டிரைவர்தான். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலாம்ல? வாரம் பூரா ஊமை மாதிரி இருக்கார். சாப்பாடு போட்டா சாப்பிடறார், கேட்டா தலையைக் குனிஞ்சுக்கறார்." பிரஷ்ஷை டப்பாவில் வேகமாகக் குத்தினார். "அதுதான் சார் தாங்கலை."

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி குரங்கைத் திட்டப் போனேன்.

*

மஞ்சள் குறியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். காடு அழகாகத்தான் இருந்தது, அட்டைப் பூச்சிகள் மட்டும் இல்லையென்றால். ஒரு மான் எங்களைப் பார்த்தது. இதுகளுக்கு எல்லாம் வேற வேலை இல்லையா என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

பாதி வழியில் குறி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று நேராகக் கோபுரத்துக்கு. இன்னொன்று இடது பக்கம் புதருக்குள். நாங்கள் புதருக்குள் புகுந்தோம்.

"பெயின்ட் ஒண்ணுதான், குறியோட அளவும் ஒண்ணுதான்," என்றேன். "வழிகாட்டியக்கா மாட்டிக்கிட்டாங்க அத்தான்."

"அவங்க பெயின்ட் வச்சிருக்கற ஷெட்டுக்குப் பூட்டு இருந்துச்சா?"

"கதவே இல்லை."

"அப்போ உன் குரங்குகூட அடிச்சிருக்கலாம். நட."

சூளை வந்தது. மரங்களுக்கு நடுவில் ஒரு செங்கல் புகைபோக்கி, உச்சியில் ஆந்தை. கீழே இடிந்த சுவர்கள், ஒரு கிணறு, குவிந்து கிடக்கும் கற்கள். ஒரு கல்லில் குழந்தையின் பாதம் பதிந்திருந்தது. காயப்போட்ட பச்சைக் கல்லின் மேல் ஏதோ ஒரு வாண்டு ஓடியிருக்கிறது. அதன் அம்மா நிச்சயம் முதுகில் ஒன்று வைத்திருப்பாள். ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. மனிதக் காலடி படாத காடு!

எனக்கு அந்த இடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று நினைத்ததும் கோபம் வந்தது. பொதுவாக எனக்குச் செங்கல்மேல் எல்லாம் பாசம் கிடையாது.

ஆடிட்டர் விழுந்த பள்ளத்தையும் பார்த்தோம். அத்தானும் அதில் விழப் பார்த்தார். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.

"நன்றி மச்சான்."

"உங்களுக்காக இல்லை. அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

திரும்பினோம். சற்று தூரம் நடந்ததும் முட்புதர். வலது பக்கம் போனோம், ஓடை. இடது பக்கம் வந்தோம், அதே முட்புதர். காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு எங்களைக் கடந்து போனது. மறுபடி நடந்தோம். மறுபடியும் சூளை.

"அத்தான், இந்த ஆந்தையை நான் முன்னாடியே பாத்திருக்கேன்."

அத்தான் ஒரு மரத்தின் முன்னால் நின்று அதையே முறைத்தார். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் பார்த்தார். அடுத்த மரத்துக்கு ஓடினார். அதற்கு அடுத்த மரத்துக்கும். கடைசியில் ஒரு கட்டையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பசி மயக்கமா?"

"டேய், போகும்போது எல்லா மரத்துலயும் மஞ்சள் தெரிஞ்சுச்சு. இப்போ ஏன் ஒண்ணுலகூடத் தெரியலை?"

சுற்றிப் பார்த்தேன். சூளைப் பக்கமிருந்து பார்த்தால் எல்லா மரமும் வெறும் மரம். குறிகள் எல்லாம் முதுகுப் பக்கம், உள்ளே வருகிறவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

"காலையில அந்தம்மா மரத்தைச் சுத்திச் சுத்தி அடிச்சாங்களே, ஏன்?" என்றார் அத்தான். "முன்பக்கம் போறவனுக்கு. பின்பக்கம் வர்றவனுக்கு. தினம் போய்த் திரும்பி வர்றவங்களுக்குக் கை தானா ரெண்டு பக்கமும் போகும். இதை அடிச்ச ஆளுக்குத் திரும்பி நடக்கற பழக்கமே இல்லை."

"செத்துட்டாரா?"

"உயிரோடதான் இருக்கணும். ஆனா போன வழியே திரும்பி வராத ஆள்."

எங்கிருந்தோ ஹாரன் சத்தம் கேட்டது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். சூளைக்குப் பின்னால் ஒரு மண் பாதை, அதில் காப்பகத்தின் ஜீப். வெளியே ஒல்லியாக ஒரு டிரைவர் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா அனுப்பினார் சார். நடந்து திரும்பி வர்றதெல்லாம் யாரால முடியும், பின்பக்கம் போய் ஏத்திக்கிட்டு வான்னு சொன்னார்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஜீப்பைப் பார்த்தேன். எனக்கு அப்போது உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

*

பின்சீட்டில் மண்ணெண்ணெய் நாற்றம் தூக்கியடித்தது. உட்கார்ந்து கையை ஊன்றினேன். சீட்டின் மடிப்புக்குள் ஏதோ பிசுபிசுத்தது. எடுத்துப் பார்த்தால் விரல் நுனியில் மஞ்சள்.

"அத்தான்!"

டிரைவர் கண்ணாடியில் என் விரலைப் பார்த்துவிட்டார். வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே பேசினார்.

"நான்தான் சார் அடிச்சேன். குறி எல்லாம் நான் போட்டது. என் வீட்டுக்காரிக்கு ஒண்ணும் தெரியாது."

காலையிலிருந்து நடந்து நடந்து கால் வீங்கியதுதான் மிச்சம், குற்றவாளி தானாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிறான்!

"அப்படியா?" என்றார் அத்தான் சாவகாசமாக. "நல்லதாப் போச்சு. இதையே உள்ள வந்து சொல்லிடுங்க."

"பொண்டாட்டியையே மாட்டிவிட்ட ஆளு, இவர்கிட்ட என்ன மரியாதை?" என்று கிசுகிசுத்தேன்.

"வாயை மூடிக்கிட்டு வா," என்றார் அத்தான்.

*

விசாரணை அறையில் நீள மேஜை, தலைக்கு மேல் முனகும் மின்விசிறி. நடுவில் தலைமையகத்து மேலதிகாரி அம்மா, கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். ஒரு பக்கம் மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு ஆடிட்டர். இன்னொரு பக்கம் இயக்குநர். கடைசியில் முக்காலியில் வழிகாட்டியம்மா.

டிரைவர் நுழைந்ததுமே கொட்டிவிட்டார். "மேடம், குறி போட்டது நான்தான்."

வழிகாட்டியம்மா துள்ளி எழுந்தார். "இவரா? எங்க வீட்டு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிங்கன்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன் மேடம், இன்னும் டப்பா மூடியைத் தொறக்கலை!"

"புருஷனும் பொண்டாட்டியும் கூட்டு," என்றார் இயக்குநர் திருப்தியாக. "ரெண்டு பேரையும் அனுப்பிடலாம்."

"ஒரே ஒரு கேள்வி," என்றார் அத்தான். டிரைவரிடம் திரும்பினார். "மரத்துல எந்தப் பக்கம் அடிச்சீங்க?"

"ரெண்டு பக்கமும்தான் சார். போறவங்களுக்கு ஒண்ணு, வர்றவங்களுக்கு ஒண்ணு. இவ எப்பவும் அப்படித்தானே..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அந்த மரங்கள்ல ஒரு பக்கம்தான் பெயின்ட் இருக்கு. உள்ள போறவங்களுக்கு மட்டும். வர்றவங்களுக்கு எதுவும் இல்லை. நாங்க இப்போதான் தொலைஞ்சு போய்ட்டு வர்றோம்."

ஆடிட்டர் மேஜையைத் தட்டினார். "அதைத்தான் நான் அன்னைலேருந்து கத்தறேன்! திரும்பி வர வழியே இல்லைன்னு! வலியில உளர்றேன்னு சொல்லிட்டாங்க!"

"இவர் அடிக்கலை," என்றார் அத்தான். "பொண்டாட்டி அடிச்சதா நெனச்சு, பழியைத் தன் தலையில போட்டுக்கறார். ஜீப் சீட்டுல பெயின்ட் பாத்திருக்கார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சிருக்கார். சரிதானே?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "முந்தின நாள் சாயங்காலம் இவ அந்த சீட்லதான் வீட்டுக்கு வந்தா. மறுநாள் விபத்து. சீட்டுல பாத்தா மஞ்சள்."

"அன்னைக்கு அவங்களுக்கு முன்னாடி அந்த சீட்ல யாரு உக்காந்தாங்க?"

"ஐயாதான் சார். சூளைக்குப் பின்னாடி ஏறினார். பறவை பாக்கப் போனேன்னு சொன்னார், தோள்ல பை இருந்துச்சு. எப்பவுமே போன வழியில திரும்ப மாட்டார், நான்தான் மறுகோடியில போய் நிப்பேன்."

"இதை ஏன் யோசிக்கலை?"

"பேனா மூடியைக்கூட நான் தொறந்து குடுக்கணும் சார். அவராவது, பெயின்ட் அடிக்கறதாவது!"

அறையில் எல்லோருடைய கழுத்தும் ஒரே திசையில் திரும்பியது. எனக்கும்தான், கொஞ்சம் தாமதமாக. எங்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர், நாற்காலியில் கூடுதல் நேராக உட்கார்ந்தார்.

"அபத்தம்! பறவை பாக்கறது குத்தமா?"

"இல்லைங்க ஐயா," என்றார் அத்தான். "ஆனா காலையில நீங்க என்ன சொன்னீங்க? விபத்துக்கு மறுநாள் போனேன், குறியைப் பிடிச்சே திரும்பி வந்தேன்னு. எந்தக் குறியைப் பிடிச்சு வந்தீங்க? அங்க ஒண்ணும் இல்லையே."

"மறுநாளா?" டிரைவர் நிமிர்ந்தார். "மறுநாள் பூரா ஐயாவை ஆஸ்பத்திரிக்கும் தலைமையகத்துக்கும் நான்தானே கூட்டிட்டுப் போனேன்?"

"ஆமா, என் ஆபீஸ்லதான் உக்காந்திருந்தார்," என்றார் மேலதிகாரி அம்மா மெதுவாக. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சூளையை இடிக்க அனுமதி வேணும்னு கேட்டுட்டு."

இயக்குநரின் முதுகு நாற்காலியில் சாய்ந்தது. "யாருக்கும் அடிபடும்னு நெனைக்கலை. கொஞ்சம் வழி தவறுவாங்க, புகார் வரும், ஆபத்தான இடம்னு சொல்லி இடிச்சுடலாம்னுதான்..."

"என் கால் என்ன, புகார் மனுவா?" என்று ஆடிட்டர் அலறினார்.

இயந்திரம் திருப்பி அனுப்பப்பட்டது. இயக்குநரும் அதே பாதையில் அனுப்பப்பட்டார். வழிகாட்டியம்மாவின் வேலையை யாரும் தொட மாட்டார்கள் என்று மேலதிகாரி அம்மா எழுந்து நின்று சொன்னார். சூளைக்கு முறையான பாதை போடச் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் விசில் அடிக்கத் தோன்றியது. அத்தான் என் காலை மிதித்தார்.

காரணம், வழிகாட்டியம்மா சிரிக்கவில்லை. வெளியே ஜீப் பக்கத்தில் புருஷனை நிறுத்தி வைத்திருந்தார். நாங்கள் அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டியிருந்தது.

"ஒரு மனுஷனைப் பள்ளத்துல தள்ளுவேன்னா நெனச்சே?"

"காப்பாத்தத்தானே பழியை ஏத்துக்கிட்டேன்..."

"காப்பாத்தினது இருக்கட்டும். ஒரு வாரமா பக்கத்துல படுத்திருந்தேனே, நீதான் அடிச்சியான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

டிரைவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்."

அந்த அம்மாவின் முகத்தில் கோபம் நின்ற இடத்தில் வேறு ஏதோ வந்து நின்றது. அதுவும் அழுகைக்குப் பக்கத்தில் உள்ளதுதான். அவர் கையை நீட்டினார். டிரைவர் தயங்கித் தயங்கிச் சாவியைக் கொடுத்தார். அந்த அம்மாவே ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"ஏறு," என்றார். "வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

டிரைவர் ஏறினார். விசாரணை அறையில் வேலை போகட்டும் என்று நிமிர்ந்து நின்ற மனிதர், இப்போது சீட்டின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் புரியவில்லை. பக்கத்தில் பார்த்தேன். அத்தானுக்குப் புரிந்திருந்தது. போகிற ஜீப்பைப் பார்த்து அவர் தன் தொப்பியைக் கழற்றி, மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்.